கடல் இல்லாத ஊருக்கு ஒரு போர்டு

முதல் நாள்

"ஒரு போர்டுக்கு எழுதணும் மாமா" என்று போனில் சொன்னதும் மாமா குரலில் உற்சாகம் ஏறிவிட்டது.

"கடை வெச்சிருக்கியா? சொல்லவே இல்லையேடா! எத்தனை அடி?"

"ஏழு அடி மாமா."

"அகலம்?"

"நடுவுல இருபத்திரண்டு அங்குலம். ரெண்டு முனையும் ஒடுங்கி வரும்."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "அது என்ன கடைடா?"

மாமா பெங்களூரில் சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட். 40 வருஷத்துக் கை. அவருக்குப் போர்டு என்றால் கடை வாசலில் தொங்குவது. கோவளத்துப் பையன்களுக்கும் அவர்களிடம் சர்ஃபிங் கற்றுக்கொண்ட எனக்கும் போர்டு என்றால் அலை மேல் ஏறி நிற்பது. இரண்டு போர்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அதனால்தான் இந்த ஐந்து நாள் பயணம். அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்று இரவே எழுதிவிடுவதாக இருக்கிறேன்.

காலையில் சென்ட்ரலில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ். போர்டைப் பழைய போர்வையில் சுற்றி மேலே சாமான் பலகையில் படுக்கவைத்தேன். ஒரு குடும்பத்துக்கான இடத்தை அது தனியாளாகப் பிடித்துக்கொண்டது. காட்பாடியில் ஏறிய பாட்டி ஒருவர் அதன் மேலேயே பூக்கூடையை வைத்துவிட்டு, "கட்டிலாப்பா?" என்றார். டிடிஆர் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"சர்ஃபிங் போர்டு சார்."

"எங்க போறீங்க?"

"பெங்களூர்."

"அங்க எங்கய்யா கடல்?"

நியாயமான கேள்வி. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். எந்தப் பக்கம் சாலையில் போனாலும் கடலுக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டராவது ஆகும். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், சனி ஞாயிறில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் சர்ஃபிங் கற்க வருகிறவர்களில் பெங்களூர் ஐடிக்காரர்கள் எப்போதும் இருப்பார்கள். கன்னடக் கரையில் சர்ஃபிங்குக்குப் பேர்போன முல்கி இருந்தும் இந்தப் பக்கம் ஒரு கூட்டம் வரத்தான் செய்கிறது. அவர்கள் ஊரிலிருந்து எங்கள் கடலுக்கு வருகிறார்கள், நான் போர்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போகிறேன்.

கண்டோன்மென்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் நம் ஆள்தான், திருப்பத்தூர்ப் பக்கம். "கூரையில கட்டிடலாம் சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று டயர்க் கயிறு போட்டுக் கட்டினார். அல்சூர் சிக்னலில் நின்றபோது பைக்கில் போன இரண்டு பேர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். நான் உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

மாமா வீடு மர்ஃபி டவுனில். யாரோ வெள்ளைக்கார அதிகாரியின் பெயர். தெருவில் நடந்தால் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். சின்ன வயதிலிருந்து வந்துபோகிற இடம், பெயரைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. இன்று அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று நாளைக்குச் சொல்கிறேன். அத்தை ராகிக் களியும் கீரைக் கடைசலும் வைத்திருந்தார். கண் சொருகுகிறது.


இரண்டாம் நாள்

மாமாவின் பட்டறை மொட்டைமாடியில் இருக்கிறது. தகரக் கூரை, ஒரு பெஞ்சு, காய்ந்த பெயின்ட் டப்பாக்கள். சுவரில் தூரிகையைத் துடைத்துத் துடைத்தே ஒரு படம் உண்டாகியிருக்கிறது. ஒரு காலத்தில் லாவண்யா, அஜந்தா தியேட்டர்களில் தமிழ்ப் படம் வந்தால் பேனர் எழுதுகிற குழுவில் இருந்தவர். அப்புறம் ஃபிளெக்ஸ் வந்தது, குழு கலைந்தது. கடைப் பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்ற சட்டம் 2024இல் கறாரானபோது, ஊர் முழுக்கப் பலகை மாற்றினார்களே, மாமாவுக்கு வேலை குவிந்திருக்கும் என்று நினைத்தேன். "குவிஞ்சுது, எல்லாம் எல்இடிக்காரனுக்கு. எனக்கு நாலு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை" என்றார். கன்னட எழுத்தை வெண்ணெயில் வழித்தது போல எழுதுவார். தமிழை எழுதும்போதுதான் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

போர்டைப் பெஞ்சில் படுக்கவைத்து ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்தார். உள்ளே நுரைக்கட்டி, மேலே கண்ணாடி நாரும் ரெசினும் என்று விளக்கினேன். விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "படகு மாதிரி" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

பையிலிருந்து நான்கு கலர்ப் பிரின்ட்களை எடுத்து வைத்தேன். எல்லாம் ரிக் கிரிஃபின் என்கிற அமெரிக்க ஓவியர் வரைந்தவை.

இனி அவர் கதை. 1944இல் கலிஃபோர்னியாவில், பாலோஸ் வெர்டஸ் பக்கம் பிறந்தவர். அப்பா எஞ்சினியர், ஆனால் பழம்பொருள் தோண்டுவதில் பைத்தியம். மகனையும் கூட்டிக்கொண்டு தென்மேற்குப் பாலைவனப் பக்கம் ஆள் ஒழிந்த ஊர்களிலும் செவ்விந்தியர் வாழ்ந்த இடங்களிலும் அலைந்திருக்கிறார். பையன் 14 வயதில் டோரன்ஸ் கடற்கரையில் சர்ஃபிங் கற்றுக்கொண்டான். பள்ளி நாளிலேயே சர்ஃபிங் படமாக வரைந்து தள்ளினான். ஜான் செவர்சன் என்பவர் 1960இல் 'சர்ஃபர்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். அவரே ஓவியர், படம் பிடிக்கிறவர், அலையேறி. அவர் கிரிஃபினை உள்ளே இழுத்துக்கொண்டார். 1961இல் அந்தப் பத்திரிகையில் கிரிஃபினின் படக்கதை வர ஆரம்பித்தது. அலைக்குப் பின்னால் ஓடி ஓடி அடிபட்டு எழுந்து மறுபடி ஓடுகிற பொடியன்தான் கதாநாயகன். அடுத்த வருஷம் அட்டைக்கே வந்துவிட்டான். அவன் பெயர் மர்ஃபி.

"நம்ம மர்ஃபியா?"

"வேற மர்ஃபி மாமா."

"எல்லா மர்ஃபியும் ஒண்ணுதாண்டா" என்று அந்தப் பிரின்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

பெரிய ஆர்ட் ஸ்கூல் படிப்பெல்லாம் முடித்த பிறகு வந்த பெயர் இல்லை இது. பள்ளிக்கூடத்துப் பையன், தன்னைப் போன்ற பையன்களை வரைந்தான். அவர்கள் கையில் காசு இல்லை, பேச்சில் மரியாதை இல்லை, உடம்பெல்லாம் உப்பு. கோவளத்தில் நான் பார்க்கிற மீனவப் பிள்ளைகள் அப்படியே. படகிலிருந்து இறங்கியதும் போர்டைத் தூக்குகிறவர்கள். அறுபது வருஷத்துக்கு முன் வேறொரு கரையில் வரைந்ததைப் பார்த்து, 'டேய், இது நம்ம ஆள்' என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

இருபது வயதை ஒட்டி ஒரு சாலை விபத்து. இடது கண்ணில் பலத்த அடி, முகத்தில் தழும்பு. கண்ணுக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். பிறகு கலைப் பள்ளியில் கொஞ்ச காலம். அங்கேதான் இன்னொரு ஓவியரான ஐடாவைச் சந்தித்தார், பின்னால் ஐடாவே அவருக்கு மனைவியானார். 1966இல் சான்ஃபிரான்சிஸ்கோ. அங்கே இசைக் கச்சேரிக்குப் போஸ்டர் வரைகிற புது அலை ஒன்று கிளம்பியிருந்தது. 1967 ஜனவரியில் கோல்டன் கேட் பூங்காவில் ஹிப்பிகளின் பெருங்கூட்டம் நடந்தது. அதற்கான போஸ்டர் ஒன்றில் இவர் வரைந்தது, குதிரை மேல் ஒரு செவ்விந்தியர், கையில் கிதார். அப்பாவோடு அலைந்த பாலைவனம் அதற்குள் வந்துவிட்டது. அதே வருஷம் 'ரோலிங் ஸ்டோன்' என்ற இசைப் பத்திரிகை தொடங்கியபோது அதன் பெயரை எழுதிக் கொடுத்தவரும் இவர்தான். அவர் இன்னும் மெருகேற்ற நினைத்திருந்த வரைவையே ஆசிரியர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று சொல்வார்கள்.

"ஆமா, பார்ட்டிக்காரன் அப்படித்தான். 'இதுவே நல்லா இருக்கு, குடு'ம்பான்" என்றார் மாமா, என்னவோ நேற்றுத் தனக்கு நடந்தது போல.

ஆனால் இரண்டாவது பிரின்டைப் பார்த்து முகம் சுளித்தார். 1968இல் ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கச்சேரிக்கு வரைந்த போஸ்டர் அது. சிறகு முளைத்த ஒற்றைக் கண் ஒன்று நெருப்பு வளையத்தைப் பிய்த்துக்கொண்டு வருகிறது, பிடியில் மண்டை ஓடு. படம் அவருக்குப் பிரச்சினையே இல்லை, எழுத்துதான். நெளிந்து, உருகி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தது.

"என்னடா எழுதியிருக்கான்? படிக்கவே முடியல. போற பஸ்ஸுல இருந்து பார்த்தாப் படிக்கணும். அதுதான் போர்டு."

"இது நின்னு படிக்கிறதுக்கு மாமா."

"எவன் நிப்பான்?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கண்ணுக்கு மூலம் வான் டச் என்று ஒருவர், கார்களில் அலங்காரக் கோடு வரைகிறவர், அவருடைய அப்பா ஒரு சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட் என்று மட்டும் சொல்லிவைத்தேன். "அப்படியா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

சாயங்காலம் பாதுகாப்புக்கு ஒரு சோதனை. போர்டின் வால் பக்கம் ஒரு மூலையில் தன் எனாமல் பெயின்டால் 'அ' எழுதினார். ஒரே இழுப்பு. கையைத் தாங்குகிற குச்சி இடது கையில், தூரிகை வலது கையில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. பெயின்ட் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் நான் கொண்டுவந்த ரெசினைக் கலந்து மேலே பூசினேன். கலந்த கப் கையைச் சுட்டது. நாற்றம் தாங்காமல் அத்தை கீழேயிருந்து சத்தம் போட்டார்.


மூன்றாம் நாள்

காலையில் போய்ப் பார்த்தால் 'அ' சுருங்கிப் பால் ஏடு மாதிரி நிற்கிறது. நகத்தால் தொட்டதும் ரெசினோடு உரிந்து வந்தது. தப்பு முழுக்க என்னுடையது. எனாமல் மேல் ரெசின் பிடிக்காது, தண்ணீரில் கரைக்கிற அக்ரிலிக்தான் வேண்டும் என்று கோவளத்தில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாமாவின் இழுப்பைப் பார்த்த மயக்கத்தில் வாயே திறக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

மத்தியானம் மழை. மழை ஈரத்தில் ரெசின் வேலை ஆகாது. கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் போய் அக்ரிலிக் டப்பா நான்கு வாங்கினோம். விலையைக் கேட்டு மாமா கடைக்காரரைக் கன்னடத்தில் குலம் விசாரித்தார். பிறகு சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடைகளில் கிரிஃபின் ஏதாவது கிடைக்குமா என்று ஒரு சுற்று. கிடைக்கவில்லை. காபி குடித்தோம். அவ்வளவுதான் இன்றைக்கு.

இல்லை, ஒன்று விட்டுப்போயிற்று. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாமா மூன்றாவது பிரின்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் 1969 இசைத்தட்டு உறை. அதன் பெயர் 'ஆக்ஸோமாக்ஸோவா'. அர்த்தம் ஒன்றும் கிடையாது.

"இதை முன்னாடியிருந்து படிச்சாலும் பின்னாடியிருந்து படிச்சாலும் ஒண்ணுதான், பார்த்தியா?"

"ஆமா மாமா, விகடகவி மாதிரி."

"அது இல்லடா. இங்க வா."

அத்தையின் கண்ணாடி முன்னால் பிரின்டைத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிக்குள்ளும் அதே சொல், அதே ஒழுங்கில். ஏ, ஓ, எக்ஸ், எம் என்ற நான்கே ஆங்கில எழுத்து. நான்குமே நடுவில் கோடு கிழித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பவை. மாமா எத்தனையோ சலூன், ஸ்வீட் ஸ்டால் கண்ணாடிகளில் உள்பக்கத்திலிருந்து இடவலம் மாற்றி எழுதிப் பழகியவர். அந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத்தான் இது கண்ணில் படும். நான் இந்தப் படத்தை வருஷக்கணக்கில் போனில் வைத்திருக்கிறேன், எனக்குப் படவில்லை.

"இதைக் கண்ணாடிக்கு உள்ள நின்னு எழுதினாலும், வெளிய நின்னு எழுதினாலும் ஒண்ணுதான். தமிழ்ல இந்த மாதிரி மாட்டுறது பானாவும் ஆய்த எழுத்தும்தான், எனக்குத் தெரிஞ்சு." கொஞ்சம் யோசித்தார். "இவன் தாள்ல எழுதுறவன்தான். ஆனா கை நம்ம கை."

அந்த உறையில் குழுவின் பெயரை எழுதியிருக்கிற விதத்தில் வேறொரு வாக்கியமும் ஒளிந்திருக்கிறது, போதை மருந்து சாப்பிட்டோம் என்கிற மாதிரி. அத்தை பக்கத்தில் இருந்ததால் அதைச் சொல்லவில்லை. பதிலாக, 1970இல் கிரிஃபின் கிறிஸ்தவப் பக்திக்குத் திரும்பியதையும், யோவான் நற்செய்திக்கு அவர் தீட்டிய படங்கள் 1980இல் புத்தகமாக வந்ததையும் சொன்னேன். யோவான் என்றதும் அத்தை டிவி சத்தத்தைக் குறைத்தார். "இந்தக் கண்ணு படம் போட்டவரா?" என்று இரண்டு தடவை கேட்டார்.


நான்காம் நாள்

விடிந்ததும் மாமா என்னை அல்சூர் ஏரிக்கு நடக்கக் கூட்டிப்போனார். வழியில் திருவள்ளுவர் சிலை. 1991இல் வைத்து, திறக்க முடியாமல் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். "பதினெட்டு வருஷம் போர்வைக்குள்ள நின்னாரு மனுஷன்" என்பார் மாமா, ஒவ்வொரு தடவை கடக்கும்போதும்.

1991 என்றதும் சொன்னேன். கிரிஃபின் போனதும் அந்த வருஷம்தான். ஆகஸ்டில், பெட்டலூமா என்ற ஊரில் மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒரு வேனோடு மோதித் தூக்கி எறியப்பட்டார். மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. வயது 47.

"ஹெல்மெட்?"

"போடல."

மாமா ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். காற்றே இல்லை. தண்ணீர் தட்டில் ஊற்றிவைத்தது போல இருந்தது.

"சரி, சொல்லு. அலை எங்க மடியும்?"

ஏரிக் கம்பியில் விரலால் வரைந்து காட்டினேன். ஆழத்தில் வரும்போது அலை வெறும் மேடுதான். கரை நெருங்கத் தரை மேலே வரும், அலையின் கால் தரையில் உரசித் தங்கும், தலை மட்டும் முன்னே ஓடும். தலை காலைத் தாண்டுகிற இடத்தில் கவிழும். அந்தக் கவிழ்கிற விளிம்புக்குச் சற்று முன்னால், இன்னும் சுவராக நிற்கிற இடத்தில்தான் நாம் சறுக்க வேண்டும்.

"கால் நிக்குது, தலை ஓடுது" என்று சொல்லிப் பார்த்தார். வீடு வரும் வரை அதையே இரண்டு மூன்று தடவை முணுமுணுத்தார்.

மாடிக்கு வந்ததும் போர்டைக் குப்புறக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் எழுதப் போகிறாராம். மேல்பக்கம் மெழுகு தேய்த்துத் தேய்த்து அழுக்காகும் என்று நான் சொன்னதை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

"அடியில எழுதினா யார் படிப்பா மாமா?"

"மீன் படிக்கும். நீ விழுந்தா ஊரே படிக்கும்."

சுண்ணாம்புப் பொடி தோய்த்த நூலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்து நான் பிடிக்க, அவர் நடுவில் சுண்டினார். நேர்க்கோடு விழுந்தது. ஏழு இடத்தில் குறுக்குக் கோடு. பழைய தியேட்டர் போர்டு போல மேலிருந்து கீழே ஒவ்வோர் எழுத்தாக, 'மர்ஃபி டவுன்'.

"பழைய ஆளுங்க ஆய்தம் போடாம 'மர்பி'ன்னுதான் எழுதுவோம். ஆனா ஆய்தம் போட்டா ஏழு எழுத்து வருது. ஏழு அடிக்கு ஏழு."

மூக்குப் பக்கம் ஒடுங்கலாக 'ம'. பிறகு அகலம் கூடக் கூட எழுத்தும் பருத்தது. ஃபிளாட் பிரஷைக் கடற்பச்சையில் தோய்த்து, டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் ஒற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார். கோடு முடிகிற இடத்தில் பிரஷைத் தூக்காமல் விரலுக்குள்ளேயே உருட்டுவார், முனை கத்தி போல வெட்டி நிற்கும். எனாமல் வழுக்கிக்கொண்டு போகும், அக்ரிலிக் பாதியிலேயே காய்ந்து இழுக்கிறது என்று திட்டிக்கொண்டேயிருந்தார். 'ட' முடிந்ததும் மடக்கென்று தண்ணீர் குடித்துவிட்டு 'வு'வுக்கு வந்தார். உடம்பை நிமிர்த்தி எழுதி, அடிக் கொக்கியைப் படியவிடாமல் பின்னுக்கு இழுத்து, மேலே வளர்த்து, தலையைக் கவிழ்த்தார். கவிழ்ந்த தலைக்குக் கீழே வெள்ளையில் ஒரு கீற்று. கால் நின்றது, தலை ஓடியது.

அப்புறம் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். எழுத்து அவர் வழக்கம் போல நிமிர்ந்து நிற்கவில்லை. பஸ்ஸிலிருந்து பார்த்தால் 'வு' என்று தெரியுமா என்பது சந்தேகம்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆய்த எழுத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். மேல்புள்ளி ஒரு கண். கறுப்பு விழி, ஓரத்தில் சிவப்பு நரம்பு, பக்கத்துக்கு ஒரு சின்னச் சிறகு. கீழே இரண்டு புள்ளியும் நுரைக் குமிழி. சினிமா பேனரில் கதாநாயகிக்குக் கண் வைக்கிற அதே முறை, விழியில் ஒரு வெள்ளைப் பொட்டு கடைசியாக விழுந்ததும் அது நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

"அந்த வான் டச்சோட அப்பா பேர் என்னடா?"

"ஹோவர்டுன்னு குடும்பப் பேர் மாமா."

"ம்" என்று வாலோரம் தன் கையெழுத்தைப் போட்டார். வழக்கமாகக் கூடவே போடுகிற செல் நம்பரை இந்தத் தடவை போடவில்லை.

மாலையில் வெயில் இருக்கும்போதே மேலே மெல்லிசாக ரெசின் பூசினேன். பிடித்துக்கொண்டது. மாமா அரை மணிக்கு ஒரு தடவை வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போனார். கூலி கொடுக்கப் போனதற்கு அத்தை என்னைத் திட்டியதை இங்கே எழுத வேண்டியதில்லை.


ஐந்தாம் நாளும் அதற்கு அடுத்த காலையும்

திரும்பும் ரயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. போர்வைக்குப் பதில் அத்தையின் பழைய சுங்குடிச் சேலை சுற்றியிருந்தது, மாமா போட்ட முடிச்சை அவிழ்க்கவே கால் மணி நேரம் ஆயிற்று.

இன்று காலை கோவளம். அலை இடுப்பளவு, காற்று கம்மி. முதல் அலையிலேயே கால் வழுக்கி விழுந்தேன். போர்டு கவிழ்ந்து அடிப்பக்கம் வானத்தைப் பார்த்து மிதந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீனவப் பையன், பத்து வயது இருக்கும், தன் போர்டில் கவிழ்ந்து படுத்துத் துடுப்புப் போட்டு வந்து தலையைச் சாய்த்து எழுத்துக் கூட்டினான்.

"மர்...ஃபி... ட... இது என்னாண்ணா, அலையா? ...வுன். மர்ஃபி டவுன்." கண்ணை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். "அது எந்த பீச்சுண்ணா?"

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் என்றேன்.